மச்சினிச்சி எழுதிய புத்தகம்

ஜெகதாம்பாளுக்குப் பெண் இரண்டு. மூத்தவள் அம்சா, இளையவள் ரோகிணி. நடுவில் ஒன்று பிறந்து தங்காமல் போனதால் இரண்டு பேருக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். அம்சாவைக் கருங்குழி நரசிம்மனுக்குக் கொடுத்தார்கள். நரசிம்மன் அசலார் இல்லை, ஜெகதாம்பாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன்தான். தாலி கட்டிய கையோடு செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றுப் பக்கம் வீடு பார்த்தான். புருசனை இழந்து நின்ற அத்தையையும் மச்சினிச்சியையும் கூட்டி வந்து தன்னோடு வைத்துக்கொண்டான். ரோகிணி பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் இங்கிலீஷ் பி.ஏ. எல்லாமே அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுதான் படித்தாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் இதுதான் அடி.

நரசிம்மன் பிளஸ்டூ படித்தவன், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். செங்கல்பட்டில் ஒரு டிரஸ்டு நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தான். தொண்ணூற்றேழு ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தாயின் பெயர், குழந்தையின் எடை, ரத்தம் என்ன வகை, எந்தத் தேதியில் எந்த ஊசி போட்டது, எல்லாம் இனிமேல் அதில்தான் ஏறும், நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கான புரோகிராமை விற்றது கிண்டிப் பக்கம் சதாசிவம் என்பவர் நடத்திய சின்னக் கம்பெனி. அந்தக் கம்பெனியில்தான் ரோகிணி ஒரு வருசமாக வேலை பார்த்தாள்.

என்ன வேலை என்றால், புரோகிராம் எழுதுகிறவர்கள் வேறே, அதை வாங்குகிறவன் எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் வேறே. ரோகிணி இரண்டாவது ரகம். டெக்னிக்கல் ரைட்டர் என்று அதற்குப் பெயர். ஜெயினுலாபுதீன் என்கிற புரோகிராமர் அரைத்தாளில் ஏதாவது கிறுக்கிக் கொடுப்பார். அதை அவள் நல்ல இங்கிலீஷில், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு எழுதுவாள். அந்தப் புரோகிராமை ஒரு நாளும் அவள் ஓட்டிப் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதும் கிடையாது. அவளுக்கும் தோன்றவில்லை.

வருசக் கடைசியில் செய்ய வேண்டியது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம். செய்ய வேண்டியவை இரண்டுதான். அந்த வருசத்துப் பதிவு முழுவதையும் பிளாப்பியில் பிரதி எடுப்பது ஒன்று. புது வருசத்துக்காகக் கம்ப்யூட்டரில் இருக்கிறதைத் துடைப்பது இன்னொன்று. ஜெயினுலாபுதீன் கொடுத்த அரைத்தாளில் இரண்டும் முன்னும் பின்னுமாக, அடித்தும் திருத்தியும் கிடந்தன. ரோகிணி யோசித்தாள். வீடு மாறினால் முதலில் பெருக்கிக் கழுவிவிட்டுத்தானே சாமானை வைப்போம் என்று நினைத்தாள். துடைப்பதை ஐந்தாவதாகவும் பிரதி எடுப்பதை ஆறாவதாகவும் போட்டாள். படிக்கவும் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் புரோகிராமை வாங்கிய ஆஸ்பத்திரிகள் பதினொன்று. பத்து ஆஸ்பத்திரியில் புத்தகத்தை யாரும் பிரிக்கவே இல்லை. என்ன சந்தேகம் என்றாலும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவார்கள். நரசிம்மன் ஒருத்தன்தான் படித்தான். சும்மா படிக்கவில்லை. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாத ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலேயும் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி எழுதிப் படித்தான். ஆயாம்மா முதல் டாக்டரம்மா வரைக்கும் யார் எதிரே வந்தாலும் சொல்லுவான்.

"இந்த புஸ்தகம் யாரு எழுதினது தெரியுமா? என் மச்சினிச்சி. பேரு போட மாட்டாங்களாம். ஆனா அதான் எழுதிச்சு."

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றிப் போய் உட்கார்ந்தான். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும், புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, சொன்னபடி செய்தான். ஐந்தாவதில் எல்லாம் அழிந்தது. ஆறாவதில் பிரதி எடுத்தான். பிளாப்பியில் ஏறியது வெறும் காலி. இரண்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் பதிவு போயே போய்விட்டது.

ஜனவரி இரண்டாம் தேதி ஜெயினுலாபுதீன் கிண்டியிலிருந்து ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆபீசுக்குத் திரும்பினதும் சதாசிவத்திடம் சொன்னார், "ஆபரேட்டர் மிஸ்டேக் சார். காப்பி எடுக்காமலே அழிச்சிட்டான்."

ரோகிணி காதிலும் அது விழுந்தது. ஜெயினுலாபுதீன் மேஜைக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, காப்பி எடுக்காம ஒருத்தர் அழிக்கப் போனா, புரோகிராமே தடுக்காதா?"

"தடுக்கும்னுதாம்மா நெனக்கிறேன். போட்டிருப்பேன். ஒரு வருசத்துக்கு முன்னாடி எழுதினது, யாருக்கு ஞாபகம்? ஆமா, உன் புத்தகத்துல எப்படி கீது?"

"நீங்க எழுதிக் குடுத்தபடிதான் அண்ணே."

வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த அரைத்தாளை அவள் அப்போது எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அம்சா புருசனுக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"புஸ்தகத்த பாத்து பாத்து பண்ணாராம். கண்ணு இன்னா பொறடியிலயா கீது உனுக்கு? ஆஸ்பத்திரியே சிரிக்குதாம். ஆயாம்மா வந்து என்னாண்ட சொல்லுது."

"இல்லடி, அதுல போட்டுகீற மாதிரியேதான் பண்ணேன்."

ஜெகதாம்பாள் நிமிர்ந்தாள். "அப்போ எம் பொண்ணு தப்பா எழுதிட்டான்றியா மாப்ள?"

"ஐய்யய்யோ, இன்னா அத்தை நீ! ரோகிணி தப்பா எழுதுமா? எனுக்குத்தான் இங்கிலீஷு சரியா ஏறல. எதையோ மாத்தி புரிஞ்சிகினேன் போல."

இப்படிச் சொல்லிவிட்டு மச்சினிச்சியைப் பார்த்துச் சிரித்தான், அவள் வருத்தப்படக் கூடாதே என்று. ரோகிணி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடியே, "நான் பாத்து சொல்றேன் மாமா" என்றாள்.

பார்க்கத்தான் செய்தாள். தப்பு தன் பேரில் இருக்காது, புரோகிராமில் தடுப்பு இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. புரோகிராமைப் படிக்கத் தெரிந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். யாரிடமும் கேட்க முடியாத விஷயம், தானே படித்தால்தான் ஆயிற்று. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி ஏழு முதல் எட்டரை வரைக்கும் அங்கே, அந்த ஆஸ்பத்திரிப் புரோகிராம் எழுதப்பட்ட பாக்ஸ்ப்ரோ என்கிற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்கச் சேர்ந்தாள்.

முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் மாதம் ஐந்து வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். தெருவில் இருக்கிற பத்துப் பேர் பெயரை ஏற்றி, வயசுப்படி வரிசையாகக் காட்டுகிற மாதிரி. அதில் இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுவிட்டாள். பத்துப் பெயரும் காணோம். சொல்லிக் கொடுத்தவர் சிரித்துவிட்டு, "இது பெருக்குன்னா பெருக்கும்மா. எதைப் பெருக்கறோம்னு பாக்காது. எந்த வரிசைல சொல்றீங்களோ அந்த வரிசைதான்" என்றார். ரோகிணிக்கு அப்போதே புத்தகத்தின் ஐந்தும் ஆறும் ஞாபகம் வந்தது. ஆனாலும் புரோகிராமைப் பார்க்கிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதங்களில் நரசிம்மன் என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். போன பதிவை எப்படியாவது மறுபடி ஏற்று என்று ஆஸ்பத்திரி செயலாளர் சொல்லிவிட்டார். பிரசவ வார்டு சீட்டில் பாதிதான் கிடைத்தது. மீதிக்குக் குழந்தையின் ஊசி அட்டையைப் பார்த்து எழுதி வர வேண்டும். திருக்கழுக்குன்றம், கருங்குழி, சதுரங்கப்பட்டினம் என்று ஒரு பை, ஒரு நோட்டோடு பஸ்ஸில் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினான். சதுரங்கப்பட்டினத்தில் வேண்டா என்ற பெயருடைய ஒரு மீன்காரி, இடுப்பில் பிள்ளையோடு நின்று, தெருவே கேட்கச் சத்தம் போட்டாளாம்.

"கட்னவனே புள்ள எப்போ பொறந்துதுன்னு கேக்கல. நீ யாரு சாமி வந்து கேக்கறது?"

இதை நரசிம்மனே வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பான். எட்டு மாதம் அலைந்தான். இரண்டாயிரத்தில் ஆயிரத்தெண்ணூறுக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தான். சேர்த்து முடித்ததும் அவனைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்து, வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போட்டார்கள். 'கவனக்குறைவு' என்று அவன் ஃபைலில் எழுதியும் வைத்தார்கள்.

அந்த அலைச்சலுக்கு நடுவிலும், ரோகிணி சென்டர் படியிறங்கும்போது அவன் சைக்கிளோடு எதிரே நிற்பான். அவள் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கூட நடந்து வருவான். வழியில் தெரிந்தவன் எவனாவது வந்தால், "மச்சினிச்சி இப்போ புரோகிராமும் கத்துகினு கீது" என்பான்.

மே மாதத்தில் ஒரு நாள், ஆபீசில் ஜெயினுலாபுதீன் லீவு. ரோகிணி அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரிப் புரோகிராமைத் திறந்தாள். இப்போது படிக்க முடிந்தது. துடைக்கிற இடத்துக்கு வந்தாள். தடுப்பு எதுவும் இல்லை. ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது. தப்பு அவருடையதுதான்.

அதற்கு மேலே ஒரு வரி இருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்களுக்காகவே நடுநடுவே குறிப்பு எழுதி வைப்பார்கள், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. இங்கிலீஷில் இருந்த அந்தக் குறிப்பின் அர்த்தம் இதுதான்: 'பிரதி எடுத்த பிறகே இது. அப்படித்தான் எழுத வேண்டும் என்று ரோகிணியிடம் குறித்துக் கொடுத்தாயிற்று. அதனால் இங்கே தடுப்பு தேவையில்லை.'

அப்புறம்தான் பீரோவைத் திறந்து அந்த அரைத்தாளை எடுத்தாள். துடைப்பதிலிருந்து கீழ் நோக்கி ஒரு அம்பு, பிரதி எடுப்பதிலிருந்து மேல் நோக்கி ஒரு அம்பு. பிரதி முதலில், துடைப்பது பிறகு என்று தெளிவாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் அதை வெறும் கிறுக்கல் என்று நினைத்திருந்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீட்டில் சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். அவன் அப்போது இன்னும் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான், ஃபைலில் எதுவும் எழுதப்படவில்லை, கம்ப்யூட்டர் அறை நாற்காலி அவனுக்காகக் காலியாகத்தான் இருந்தது. ரோகிணி சொல்லவில்லை. அடுத்த தடவை புத்தகம் அச்சுக்குப் போனபோது ஐந்தையும் ஆறையும் மாற்றிப் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஜூனில் ஜெயினுலாபுதீன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

வேலையில் அவளுக்கு ஏறுமுகம்தான். அதுதான் கொடுமை. புரோகிராம் படிக்கத் தெரிந்த பிறகு, ஒரு வரியைக்கூட ஓட்டிப் பார்க்காமல் அவள் எழுதவில்லை. முதலில் அது பயத்தில் வந்த பழக்கம். பத்துப் பக்கம் எழுதும்போது நாலு இடத்தில் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துவிடுவாள், வாங்குகிறவன் கைக்குப் போவதற்கு முன்பே. முன்பு அரைத்தாளை வீசிவிட்டுப் போனவர்கள் இப்போது மீட்டிங்குக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இரண்டாயிரத்து மூன்றில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பெரிய கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. இன்டர்வியூவில் ஒரு புரோகிராமையும் அதற்கு வேறு யாரோ எழுதிய பக்கத்தையும் கொடுத்து, இங்கிலீஷைத் திருத்தச் சொன்னார்கள். ரோகிணி பக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் புரோகிராமைப் படித்தாள். "இங்கிலீஷ் சரியா இருக்கு சார். ஆனா மூணாவது படியில சொல்றது உங்க புரோகிராம்லயே இல்ல" என்றாள். அன்றைக்கே வேலை கிடைத்தது. ஒரு வருசத்தில் அவளுக்குக் கீழே ஆறு பேர். கலியாணமும் ஆகி மறைமலைநகரில் குடியிருந்தாள்.

இரண்டாயிரத்து நாலு ஆகஸ்டில் அவள் படித்த காலேஜில் கூப்பிட்டார்கள். கோடிங் கற்றுக்கொண்டதால் எழுதுகிற வேலையில் எப்படி முன்னுக்கு வந்தேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜெகதாம்பாள், அம்சா, நரசிம்மன் மூன்று பேரும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நரசிம்மன் அரை நாள் லீவு போட்டிருந்தான். ரோகிணி நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் அனு என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மேடம், உங்களுக்கு ரொம்ப முன்னாடியே கோடிங் கத்துக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"ஒரு ஆர்வம்தான்" என்றாள் ரோகிணி.

முதலில் கை தட்டியது நரசிம்மன்தான்.

எல்லோரும் ராட்டினங்கிணற்று வீட்டுக்கு வந்தார்கள். காலேஜில் போர்த்திய சால்வையை ஜெகதாம்பாள் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பெண்ணின் பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"ஒரே வூட்ல ரெண்டு பேரு கம்ப்யூட்டர தொட்டாங்க. ஒண்ணு மேடைல கீது. ஒண்ணு சைக்கிள் ஸ்டாண்டுல கீது."

அம்சா சிரித்தாள். "அதுக்கெல்லாம் மண்டைல இருக்கணும்மா" என்றாள். நரசிம்மனும் கூடவே சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் ரோகிணியால் பார்க்க முடியவில்லை.

"மாமா" என்றாள். "தொண்ணூத்தேழு கடைசில நீங்க தப்பு பண்ணல. புத்தகத்துல இருந்தபடியேதான் பண்ணீங்க. புத்தகம்தான் தப்பு. அழிக்கிறத முன்னாடியும் காப்பி எடுக்கிறத பின்னாடியும் நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

நரசிம்மன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்போ நான் படிச்சது சரிதான்?"

"சரிதான் மாமா."

"இங்கிலீஷு எனுக்கு ஒழுங்காத்தான் புரிஞ்சிகீது?"

"ஒரு வார்த்தை விடாம சரியா புரிஞ்சிருக்கு."

"பாத்தியாடி" என்று அம்சாவைப் பார்த்துச் சொன்னான். கோபம் துளியும் இல்லை. முகத்தில் சந்தோசம்தான் தெரிந்தது. ரோகிணிக்கு அங்கேயே எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அம்சா சிரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள். "உனுக்கு எப்போ தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரோகிணி அதை விழுங்கினாள்.

"தொண்ணூத்தெட்டு மே மாசம். புரோகிராம் படிக்கக் கத்துகினு, அதுல பாத்தேன். அதுக்காகத்தான் கத்துகினேன்."

அம்சா விரல் விட்டு எண்ணினாள். "ஆறு வருசம். ஆறு வருசமா இந்த ஆள நான் இன்னா பேச்சு பேசிகினு கீறேன்! கூமுட்டைன்னு சொல்லிகீறேன். புள்ளைங்க எதிர்லயே சொல்லிகீறேன். நீ எதிர்க்க குந்திகினு துன்னுகினுதான இருந்த?"

"வுடுடி, தங்கச்சிதான" என்றாள் ஜெகதாம்பாள்.

"நீ சும்மா இரும்மா. ஆர்வம்னு சொன்னியேடி அந்த பொண்ணாண்ட? இதுக்குப் பேரு ஆர்வமா?"

நரசிம்மன்தான் நடுவில் புகுந்தான்.

"இன்னா இப்போ, வுடு. ரோகிணி, நீ ஒண்ணு பண்ணு. இப்போ சொன்னத ஒரு காயிதத்துல எழுதி கையெழுத்து போட்டு குடு. என் ஃபைலுல கவனக்குறைவுன்னு ஒண்ணு எழுதி வச்சிகீறாங்க. அது பக்கத்துல இதுவும் இருக்கட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரோகிணி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அவனோடு நடந்து போனாள். பழைய செயலாளர் போய் ஞானம்மாள் என்கிற அம்மாள் அந்த இடத்தில் இருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசலில் கையைக் கட்டி நின்ற நரசிம்மனைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கும்மா? அந்தக் கம்ப்யூட்டர் சீட்டுக்கு இப்ப வேற பொண்ணு வந்தாச்சு. அவளைத் தூக்கிட்டு இவரை உக்கார வைக்க முடியாது."

"சீட்டு வேணாம் மேடம்" என்றான் நரசிம்மன். "ஃபைல்ல வச்சா போதும்."

ஞானம்மாள் கடிதத்தின் மேல் தேதி முத்திரை குத்தினார். பிறகு ரோகிணியைப் பார்த்து, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"நல்ல கம்பெனில இருக்கீங்க போல. இப்படி எழுதிக் குடுத்திருக்கீங்களே, இதனால உங்க வேலைக்கு எதாச்சும் வந்துடாதா?"

"வராது மேடம்" என்றாள் ரோகிணி. "அந்தப் பழைய கம்பெனியே இப்ப கிடையாது."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. எதுவும் வராது. ஒன்றுமே ஆகாது. ஆகாது என்று ஆகிற வரைக்கும் காத்திருந்துதான் வந்திருக்கிறாள். ஞானம்மாள் தலையை ஆட்டி, கடிதத்தை ஃபைலில் துளைபோட்டுக் கோத்தார். ரோகிணி எழுந்து கும்பிட்டாள். தலையை நிமிர்த்த முடியவில்லை.

வெளியே வந்தபோது ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேர் வண்டியோடு டோக்கனுக்கு நின்றார்கள். "வரேம்மா, கூட்டம் கீது" என்று சொல்லிவிட்டு நரசிம்மன் ஓடினான்.

அம்சா மட்டும் அந்தத் தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த தீபாவளிக்கும் போகவில்லை. ரோகிணியும் ஏன் வரவில்லை என்று போன் செய்து கேட்கவில்லை.